பாதிக்கப்பட்டோர் உரிமையும் இறக்குவானைத் தோட்டங்களும்

குற்றவியற் சட்டத்தைக் கற்கப் புகும் மாணவனுக்கு முதலிற் போதிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, குற்றம் என்பது அரசுக்கு எதிராக இழைக்கப்படுவது என்பதாகும். ஒருவனுடைய வீட்டை மற்றொருவன் எரித்தால் வழக்கைத் தொடுப்பது அரசு. வீட்டை இழந்தவன் வழக்கில் வெறும் சாட்சி. அழைத்தால் வருதல் வேண்டும். கேட்டதற்கு விடை கூறுதல் வேண்டும். பின்னர் வெளியேறுதல் வேண்டும். இரத்தப் பழியும் குலப்பகையும் சமூகத்தை அழித்துவிடாமற் காக்கும்பொருட்டு, பழிதீர்க்கும் உரிமையைத் தனிமனிதனிடமிருந்து அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டமை நாகரிகத்தின் பெரும் முன்னேற்றம் என்பர். அது மறுக்கப்படவேண்டியதன்று. ஆயின், பாதிக்கப்பட்டவனின் இடத்தில் வந்து அமர்ந்துகொண்ட அரசு, அவனுடைய உரிமையை எடுத்துக்கொண்டதுபோல அவனுடைய இழப்பையும் தன்னதாக ஏற்றுக்கொண்டதா என்பது பாடநூல்களில் அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை.

இந்த வினாவைச் சட்டக்கல்லூரி விரிவுரை மண்டபத்தில் எழுப்புவதைவிட, சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தில், சிங்கராசக் காட்டின் கிழக்கே மலைச்சாரலில் அமைந்துள்ள றக்வானவில், தமிழர் இறக்குவானை என வழங்கும் அந்த ஊரைச் சுற்றியுள்ள தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் எழுப்புவது பொருத்தமாகும்.

1981 ஓகஸ்ட் மாதத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல், இரத்தினபுரி மாவட்டத்து மாணிக்கக்கல் அகழும் ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் கடுமையாகத் தாக்கியது. இறக்குவானை, காவத்தை, இரத்தினபுரி ஆகிய இடங்களிற் கடைகளும் லயங்களும் எரிந்தன. தொழிலாளர் குடும்பங்கள் காட்டிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒதுங்கின. ஓகஸ்ட் 17 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1977 ஓகஸ்டிலும் இதே தோட்டப்புறங்கள் தாக்குதலைக் கண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளின் பின்னர் 1983 யூலை வந்தது. ஒரே தலைமுறை, ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று தடவை வீடிழந்தது.

எரித்தல், கொள்ளையிடல், காயம் விளைத்தல், கொலை ஆகியவை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றங்களாகவே எழுதப்பட்டுள்ளன. சட்டவிரோதமான கூட்டத்தின் உறுப்பினன் ஒவ்வொருவனும் அக்கூட்டம் புரிந்த குற்றத்திற்குப் பொறுப்பாவான் என்ற ஏற்பாடும் அதிலே உண்டு. ஆதலால் இறக்குவானைத் தொழிலாளன் அன்று பெற்றது "கலவரப் பாதிப்பு" அன்று, குற்றப் பாதிப்பு. கலவரம், அசம்பாவிதம், துரதிர்ஷ்டச் சம்பவம் என்னும் சொற்கள் வெள்ளத்தையும் சூறாவளியையும் குறிப்பதுபோலக் குற்றத்தைக் குறித்து, குற்றவாளியை வாக்கியத்திலிருந்தே அகற்றிவிடுகின்றன. குற்றவாளி இல்லாத இடத்தில் குற்றத்தாற் பாதிக்கப்பட்டவன் எங்ஙனம் இருக்க முடியும்? அவன் "அகதி" ஆகின்றான். அவனுக்கு உரியது உரிமையன்று, நிவாரணம். அரிசியும் பருப்பும் போர்வையும் பெற்றுக்கொண்டு நன்றி கூறவேண்டிய நிலைக்கு அவன் தள்ளப்படுகின்றான். முகாமிற் பருப்பு வழங்கிய கைகளைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. நிவாரணத்தையும் நட்டஈட்டையும் ஒன்றெனக் கொண்ட மயக்கமே கண்டிக்கப்படவேண்டியது.

இனி, எரிந்த சொத்து யாருடையது என்பதையும் நோக்குதல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் அந்தக் காம்பரா தொழிலாளனுக்குச் சொந்தமன்று. அது தோட்டத்தின் உடைமை. அதன் கூரை எரிந்தால் இழப்புத் தோட்டத்துக்கு. தொழிலாளனின் இழப்பாகக் கணக்கிடத்தக்கவை பாத்திரம், பெட்டி, ஆடு, மாடு, தோடு, மூக்குத்தி என்பனவே. அவற்றுக்குப் பற்றுச்சீட்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெட்டியோடு எரிந்துபோகக்கூடிய பிறப்புச் சான்றிதழையும் பிரசாவுரிமை விண்ணப்பப் பத்திரத்தையும் எந்த மதிப்பீட்டாளர் எந்த விலைக்கு மதிப்பிடுவார்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு அந்தத் தாள்கள் வீட்டிலும் பெரியவை.

இங்கே ஒரு முக்கிய உண்மை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் பெருந்தோட்டங்களிற் பெரும்பாலானவை அரசின் உடைமையாயின. சனவசம என அழைக்கப்பட்ட மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமுமே அவற்றை நடத்தின. 1992 இலேயே அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. எனவே 1981 இல் அரசு வெறும் காவலன் அன்று. அதுவே பெருந்தோட்டத்தின் முதலாளி, அதுவே லயத்தின் வீட்டுச் சொந்தக்காரன், அதுவே பொலிஸார், குற்றத்தை விசாரித்து வழக்குத் தொடுக்கவேண்டியதும் அதுவே. நான்கு கோணத்திலும் கடமைப்பட்ட ஒருவர் நான்கு கோணத்திலும் மௌனம் சாதித்தார்.

தோட்டத்திற் குற்றவியற் சட்டம் எப்பொழுதும் மௌனமாக இருந்ததில்லை என்பதையும் கூறுதல் தகும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலைக்கு வராமையும் தோட்டத்தை விட்டு ஓடுதலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. கூலியாள் ஒருவன் ஓடிப்போனால் "பாதிக்கப்பட்டவர்" துரை. அவருக்காகப் பொலிஸாரும் நீதவானும் விரைந்து செயற்பட்டனர். அந்தத் தண்டனை ஏற்பாடுகள் நீங்க 1920கள் வரை செல்லவேண்டியிருந்தது. சட்டத்துக்கு வேகம் இல்லை என்பது உண்மையன்று. யாருக்காக வேகம் என்பதே கேள்வி.

1977 ஆம் ஆண்டு வன்செயலை விசாரிக்க முன்னாட் பிரதம நீதியரசர் எம். சி. சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1980 இல் வெளியாயிற்று. அதன் பின்னர் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் யாது? 1982 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பொறுப்பு விலக்குச் சட்டம். 1977 ஓகஸ்ட் மாதத்திற் சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டும்பொருட்டு நல்லெண்ணத்தோடு செயற்பட்ட அமைச்சர், அதிகாரிகள் ஆகியோர்மீது குடியியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என அது விதித்தது. 1988 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தக் காப்பை 1988 டிசம்பர் 16 வரை நீட்டியது. ஆகவே 1981 உம் 1983 உம் அதனுள் அடங்கின. ஆணைக்குழு முன் சாட்சியங் கூறிய தொழிலாளிக்குப் பாராளுமன்றம் அளித்த மறுமொழி, அதிகாரிக்கு அளித்த காப்பாக அமைந்தது.

கால எல்லைகளைப் பார்த்தால் நிலைமை மேலும் தெளிவாகும். றோமன்–டச்சுச் சட்டத்தின் வழி தீங்குக்கு நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்படுதல் வேண்டும். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை அணுகுவதாயின் ஒரு மாதம். கொழும்பிலே அமர்ந்திருக்கும் நீதிமன்றத்துக்கு, பாடசாலைக் கட்டடத்திற் படுத்திருக்கும் தோட்டத் தொழிலாளி ஒரு மாதத்தில் மனுச்செய்தல் வேண்டும்! கொலையும் தேசத் துரோகமும் தவிர்ந்த பிற குற்றங்களுக்கு, 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை இருபது ஆண்டுத் தடையை விதிக்கின்றது. அதாவது 1981 ஓகஸ்டில் இறக்குவானையில் தீ வைத்தவன்மீது வழக்குத் தொடரும் உரிமை 2001 ஓகஸ்டில் அற்றுப்போயிற்று. 1981 முதல் 1984 வரையான இன வன்செயல்களை விசாரிக்கும் சனாதிபதி உண்மை ஆணைக்குழு, முன்னாட் பிரதம நீதியரசர் சு. சர்வானந்தா தலைமையில் நியமிக்கப்பட்டது 2001 யூலையில். ஒரு மாத இடைவெளி. அறிக்கை 2002 இற் கையளிக்கப்பட்டபொழுது, 1981 இன் தீவைப்பும் கொள்ளையும் சட்டத்தின் கண்களில் எரிந்து தணிந்த சாம்பல் ஆகிவிட்டன. இது திட்டமிட்டதா, தற்செயலா என ஆராய்வது வீண். இருபது ஆண்டுகள் எவரும் அசையாதிருந்தனர் என்பதே போதுமானது.

அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 2004 யூலையில், அன்றைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கோரியதோடு, 900 பேருக்கு மேற்பட்டோருக்கு மொத்தம் ஏறத்தாழ 7 கோடி 20 இலட்சம் ரூபா அறிவிக்கப்பட்டது. மன்னிப்புக் கோரிய அந்தச் செயல் மதிக்கத்தக்கதே. அதற்கு முன்னிருந்த எவரும் அதனைச் செய்யவில்லை. ஆனால் இறக்குவானையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்களும், கடல் கடந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறிக்கச் சென்றவர்களும் கொழும்பில் அமைந்த ஆணைக்குழுவின் முன் எப்படித் தோன்றுவர்? 1977 இற் பாதிக்கப்பட்டவர் ஆணைக்குழுவின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

"காலத்துக்கு முந்திய கோரிக்கை, பாதிக்கப்பட்டோர் உரிமை என்னும் கருத்தே அண்மைக் காலத்தது, 1981 இல் எந்த நாட்டிலும் அது முற்றாக வளர்ந்திருக்கவில்லை" என்று சட்டவாணர் சிலர் சமாதானம் கூறுவர். இது வரலாற்றை அறியாத கூற்று. குற்றவாளி அகப்படாதபோது பாதிக்கப்பட்டவனின் இழப்பை ஆட்சியே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கை, எழுதப்பட்ட சட்டத்தைப் போலவே பழமையானது. பபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டத்தொகுதி, கொள்ளையன் பிடிபடாவிடின் கொள்ளை நிகழ்ந்த நகரமும் அதன் தலைவனும் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்றும், உயிர் போயிருப்பின் உறவினருக்கு வெள்ளி கொடுத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. திருடனிடமிருந்து மீட்க இயலாத பொருளை அரசன் தன் கருவூலத்திலிருந்து கொடுத்தல் வேண்டும் என்பது கௌடிலியரின் அர்த்தசாத்திரம் ஏற்றுக்கொண்ட நெறி. காரணம் வெளிப்படை. காவலுக்கென வரி பெறுபவன், காவல் தவறினால் விலை கொடுத்தல் வேண்டும்.

ஆங்கிலேயரும் இதனை அறியாதவரல்லர். 1285 ஆம் ஆண்டின் வின்செஸ்டர் நியதிச் சட்டம், கொள்ளையரைப் பிடித்துக் கொடாத வட்டாரத்தையே இழப்புக்குப் பொறுப்பாக்கியது. அந்த மரபிலே வந்த 1886 ஆம் ஆண்டின் கலகச் சேதச் சட்டம், கலகக் கூட்டத்தால் வீடும் கடையும் சேதமுற்றால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிதியிலிருந்து நட்டஈடு வழங்க வேண்டும் என்றது. எரித்தவன் யார் என நிரூபிக்கப்படவேண்டியதில்லை. கலகக் கூட்டம் எரித்தது என்பது போதும். 2016 இற் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோதும் அடிப்படை மாறவில்லை. இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையையும் சிறைச்சாலையையும் தூக்குமரத்தையும் கொண்டுவந்த கப்பல்கள் இந்த ஒரு சட்டத்தை மாத்திரம் கரையிறக்க மறந்தன.

முற்றாக மறந்தன என்றும் கூறல் இயலாது. 1915 இல் முஸ்லிம்களுக்கு எதிராக எழுந்த வன்செயல் கண்டியில் தொடங்கிக் கேகாலைப் பகுதி உட்படப் பல இடங்களுக்கும் பரவியபொழுது, குடியேற்ற அரசு அவ்வாண்டிலேயே கலக இழப்பீட்டுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்ட முஸ்லிம் வணிகருக்கு நட்டஈடும் வழங்கிற்று. ஆனால் அப்பணம் திறைசேரியிலிருந்து வரவில்லை. பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த சிங்கள மக்கள்மீது, குற்றம் புரிந்தவர், புரியாதவர் என்ற வேறுபாடின்றிச் சுமத்தப்பட்டது. இராணுவச் சட்டத்தின் நிழலில் அது அறவிடப்பட்ட முறையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வன்மையாகக் கண்டித்தார். அவர் கண்டித்தது நியாயமே. அயலவனுக்கு அடைக்கலம் கொடுத்தவனிடமும் எரித்தவனிடமும் ஒரே தண்டம் அறவிடுவது நீதியன்று. காவலிற் தவறியது ஆட்சியெனின் கொடுக்கவேண்டியதும் ஆட்சியே. அந்த இடத்தில் ஆங்கிலேயர் தம் நாட்டுச் சட்டத்தையே தலைகீழாக்கினர். 1915 இல் அதிகாரிகளுக்குப் பொறுப்பு விலக்கும் அளிக்கப்பட்டது. எனவே குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற முன்மாதிரியில் இரு பாதிகள் இருந்தன. அதிகாரிக்கு விலக்கு, பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு. சுதந்திர இலங்கையின் 1982 ஆம் ஆண்டுப் பாராளுமன்றம் முதற் பாதியை மட்டும் தெரிந்தெடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் வளர்ச்சியை விரைவாகக் குறிப்பிடலாம். 1950களில் இங்கிலாந்தில் மார்ஜரி பிறை என்னும் சீர்திருத்தவாதி, வன்முறைக் குற்றத்தாற் பாதிக்கப்பட்டவனுக்கு அரசு நட்டஈடு அளித்தல் வேண்டும் என வாதிட்டார். நியூசிலாந்து 1963 இற் சட்டமியற்றியது. பிரித்தானியா 1964 இல் திட்டமொன்றைத் தொடங்கியது. மேற்கு ஜேர்மனி 1976 இற் சட்டமாக்கிற்று. 1985 நவம்பர் 29 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குற்றத்தாலும் அதிகாரத் துர்ப்பிரயோகத்தாலும் பாதிக்கப்பட்டோர் பற்றிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. குற்றவாளி இனங்காணப்பட்டாலும் படாவிட்டாலும் ஒருவர் பாதிக்கப்பட்டவரே என்பதும், இனம், மொழி, நாட்டினம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்பதும் அதன் அடிக்கற்கள். நாடற்றவரான இறக்குவானைத் தொழிலாளியையே எண்ணி எழுதப்பட்டவை போன்ற வாசகங்கள்.

வழக்கிற் பங்குகொள்ளும் உரிமை வேறொரு கிளை. பிரான்சிற் பாதிக்கப்பட்டவர் குடியியற் தரப்பாக வழக்கினுள் நுழையலாம். 1906 ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றுக்குப் பின்னர், அரச வழக்குத்தொடுநர் அசையாதபோதும் அவர் விசாரணையை இயக்க முடியும். ஜேர்மனியிற் கடுங்குற்றங்களில் அவர் துணை வழக்குத்தொடுநராக அமரலாம். பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியை அறிந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. தன் பக்கத்துச் சான்றைத் தன் கையாலேயே உடைத்துக் காட்டினாள் அவள். அவளுக்கும் மன்னனுக்கும் இடையே சட்டமா அதிபர் எவரும் நிற்கவில்லை. அதே கண்ணகி பின்னர் நகரையே எரித்ததும் மறக்கற்பாலதன்று. பாதிக்கப்பட்டவரின் குரல் நீதியையும் கொணரும். எல்லை மீறிய பழியையும் கொணரும்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது பெரும்பாலும் இரண்டாவது. அங்கே பாதிக்கப்பட்டோர் உரிமை என்னும் கொடி, தண்டனையைக் கடுமையாக்க விரும்பிய அரசியலாரின் கைக்கு எளிதிற் சென்றது. 1991 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், மரண தண்டனை வழக்குகளிலும் குடும்பத்தாரின் துயர வாக்குமூலத்தைத் தீர்மானிப்போர் முன் வைக்கலாம் என்றது. இலங்கையிலும் கொடுங்கொலை ஒன்று நிகழும்போதெல்லாம், பாதிக்கப்பட்டோரின் பெயரால் 1976 இற்குப் பின் நிறைவேற்றப்படாத தூக்குத் தண்டனையை மீண்டும் கொணருக என்னும் கூக்குரல் எழுகின்றது. இக்கூக்குரல் செலவில்லாதது, அதனாற்றான் அது அரசியலாருக்கு இனிக்கின்றது. கயிற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. எரிந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கவே பணம் வேண்டும்.

2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தாற் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க வந்தது. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மரியாதையோடு நடத்தப்படுதல், விசாரணையின் போக்கை அறிதல், தண்டனைக்கு முன்னர் தன் பாதிப்பை நீதிமன்றுக்கு எடுத்துரைத்தல், சட்டத்தரணி மூலம் தோன்றுதல் முதலான உரிமைகள் எழுத்தில் வந்தன. தேசிய அதிகாரசபையும் நிதியமும் உருவாயின. கருத்தரங்கு மேடைகளில் இச்சட்டங்களை வளர்ச்சியின் சிகரமாகப் போற்றுவோர் பலர். சிகரத்திலிருந்து இறக்குவானைப் பொலிஸ் நிலையத்து மேசைக்கு இறங்கி வந்தால் தோற்றம் வேறு.

முறைப்பாடு கூற வரும் தோட்டத்துப் பெண் தமிழிற் பேசுகின்றாள். எழுதப்படுவது சிங்களம். வாசித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பின் கீழ் அவள் கையொப்பமிடுகின்றாள். வழக்கு நீதிமன்றுக்கு வரும்பொழுது அந்த எழுத்தே அவளுடைய வாக்காகின்றது. மன்றில் அவள் கூறுவது அதனின்று சற்று மாறினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனை முரண்பாடு எனப் பதிவுசெய்விப்பார். தமிழ் அரசகரும மொழியும் ஆகும் என்று அரசியலமைப்பு 1987 இலிருந்து கூறுகின்றது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமேயாயினும் உரைபெயர்ப்பாளரின் உதவி பெறும் உரிமை 24 ஆம் உறுப்புரையில் உள்ளது. ஆனால் உரைபெயர்ப்பாளர் நீதிமன்றிலே நிற்கின்றார். அவளுடைய வழக்கு தோல்வியுறுவதோ பொலிஸ் நிலையத்துப் பதிவேட்டில். தான் எதிலே கையொப்பமிட்டாள் என்பதை அறியாதவளுக்குப் பாதிப்பை எடுத்துரைக்கும் உரிமை எதற்கு?

இச்சட்டங்கள் பாதுகாப்பை யாரிடம் ஒப்படைத்தன என்பதும் நோக்கற்பாலது. பொலிஸ் திணைக்களத்தினுள்ளேயே அமைந்த ஒரு பிரிவிடம். முறைப்பாடு பொலிஸாருக்கு எதிராகவே இருந்தால், அல்லது 1981 இல் இருந்ததுபோலக் கைகட்டி நின்றவர் பொலிஸாரே எனின், பாதிக்கப்பட்டவர் யாரிடமிருந்து யாரால் காக்கப்படுவார்? மேலும், சிறு குற்றங்கள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைக்குச் செல்கின்றன. சமபலம் உள்ளோரிடையே மத்தியஸ்தம் நல்லதொரு வழி. கிராமத்துச் செல்வந்தனுக்கும் அவன் நிலத்தின் வழியே நாள்தோறும் மலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும் இடையே ஏற்படும் சமாதானம், பெரும்பாலும் பலவீனன் வாய்மூடுவதன் மறுபெயர். பாக்கிஸ்தானில் 1990 இல் வந்த கிசாஸ்–தியத் முறை, மன்னிக்கும் அதிகாரத்தைக் கொலையுண்டவனின் குடும்பத்துக்கு அளித்தபொழுது, ஏழைக் குடும்பங்கள் பணத்துக்கும் அச்சத்துக்கும் பணிந்து மன்னிக்க நேர்ந்ததை உலகம் கண்டது. உரிமையைக் கொடுத்துப் பலத்தைக் கொடாவிட்டால், அந்த உரிமையையே வலியவன் விலைக்கு வாங்குவான்.

மீண்டும் கூட்டக் குற்றத்துக்கு வருவோரை எதிர்த்து வழக்கமாக எழும் மறுப்புக்கள் மூன்று. குற்றவாளி யார் எனத் தீர்ப்பின்றி ஈடு கொடுப்பது எங்ஙனம். மதிப்பீடு செய்வது எங்ஙனம். வறிய நாட்டின் திறைசேரி தாங்குமா? இம்மூன்றுக்கும் விடை தேடி இங்கிலாந்துக்கோ பபிலோனுக்கோ செல்லவேண்டியதில்லை. 2022 மே 9 ஆந் திகதி இலங்கையில் ஆளுந்தரப்பு அரசியல்வாதிகள் பலரின் வீடுகள் கூட்டத்தால் எரிக்கப்பட்டன. அவர்களுள் 43 பேருக்கு மொத்தம் ஏறத்தாழ 122 கோடி ரூபா நட்டஈடாக வழங்கப்பட்டதென 2025 பெப்ரவரியிற் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தப்பட்டது. ஒருவர் மாத்திரம் பெற்றது 9 கோடி 50 இலட்சத்துக்கும் மேல். 2004 இல் 900 பேருக்கு மேற்பட்டோருக்குச் சேர்த்து அறிவிக்கப்பட்டது 7 கோடி 20 இலட்சம் என்பதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். இடைப்பட்ட காலத்தில் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தது உண்மை. அந்த வீழ்ச்சி முழுவதையும் கழித்தாலும், தலைக்கு எவ்வளவு என வகுத்தால் மீதமாகும் இடைவெளி எண்கணிதத்தால் விளக்கக்கூடியதன்று.

அந்த வீடுகள் எரிந்ததும் குற்றமே. அவற்றின் சொந்தக்காரரும் பாதிக்கப்பட்டோரே. அவர்கள் பெற்றது தவறு என்பது இங்கு வாதமன்று. குற்றவாளி தண்டிக்கப்படும்வரை காத்திராமலே ஈடு கொடுக்கலாம் என்பதும், மதிப்பீட்டை மூன்றாண்டுக்குள் முடிக்கலாம் என்பதும், நாடு வங்குரோத்து நிலையை அறிவித்த ஆண்டுகளிலுங்கூடப் பணம் கிடைக்கும் என்பதும் அதனால் நிரூபணமாயின. ஆகவே "இயலாது" என்னும் சொல் இனி எவருக்கும் உரியதன்று. இயலுமாயிருந்தும் செய்யவில்லை என்பதே மிச்சம்.

காவலிற் தவறுதல் ஈடுசெய்யப்படவேண்டியது என்பதை உயர் நீதிமன்றமும் 2023 சனவரி 12 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் உறுதிப்படுத்தியது. முன்கூட்டி அறிந்தும் தடுக்கத் தவறினார் என முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டார். பாதுகாப்புத் துறைத் தலைவர் சிலருக்கும் அத்தகைய கட்டளைகள் விதிக்கப்பட்டன. குண்டு வைத்தவர் இறந்துவிட்டனர். ஆயினும் பொறுப்பு இறக்கவில்லை. தமிழ்நாட்டிலே 1984 இற் கோயம்புத்தூரிற் சீக்கியரின் கடைகள் எரிக்கப்பட்டபொழுது, மாவட்ட ஆட்சியர் செய்த மதிப்பீட்டின்படி அவர்களுக்கு நட்டஈடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசைப் பணித்தது. எரித்தவருள் எத்தனை பேர் தண்டனை பெற்றனர் என அந்த நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008 இற் செய்யப்பட்ட திருத்தம், குற்றவாளி கண்டறியப்படாத வழக்கிலும் பாதிக்கப்பட்டவர் ஈடு கோரலாம் என ஏற்பாடு செய்தது. 2023 ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை.

அரசை மட்டும் குற்றஞ்சாட்டி நின்றுவிடுதலும் முழு உண்மையாகாது. தமிழ்ப் பொதுவாழ்வு 1983 யூலையை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது, அது கடமை. ஆனால் 1977 ஓகஸ்டும் 1981 ஓகஸ்டும் எத்தனை மேடைகளிற் பேசப்படுகின்றன? 1981 என்றவுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமை எல்லோர் நினைவிலும் எழும். அதே ஆண்டில், இரண்டரை மாதத்தின் பின்னர் எரிந்த இறக்குவானை லயங்கள் பல்கலைக்கழக மண்டபங்களிற்கூட அரிதாகவே குறிப்பிடப்படுகின்றன. நூலகத்துக்குப் பட்டியல் இருந்தது. எரிந்த நூல்களை எண்ண முடிந்தது. லயத்துக்குப் பட்டியல் இல்லை. பட்டியல் தயாரிக்கக் கற்றோர் அங்கே செல்லவும் இல்லை. மலையகத்தாரின் துயரைத் தேவைப்படும்போது எண்ணிக்கையிற் சேர்த்து, உரிமை பேசும்போது தனியே விட்டுவிடும் இவ்வழக்கத்துக்குத் தமிழ்ச் சங்கங்களும் விதிவிலக்கல்ல.

பழைய புண்ணைக் கிளறினால், சிங்களக் கிராமங்களின் நடுவே தனித்துவாழும் சபரகமுவத் தோட்ட மக்களுக்கே ஆபத்து என்போர் உளர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் இங்கு கோரப்படுவது அயற்கிராமத்தவனின் தலையன்று, பணமுமன்று. அவனுள் அடைக்கலம் கொடுத்தவனும் உண்டு. கோரப்படுவது, கூட்டக் குற்றத்தாற் பாதிக்கப்பட்டவருக்குத் திறைசேரி ஈடுசெய்யும் கடமையைச் சட்டத்தில் எழுதுவது. அக்கடமைக்குக் காலத்தடை இல்லை எனச் செய்வது. குடியிருப்பவரின் இழப்பை, நில உறுதியைக் கேளாது மதிப்பிடுவது. முறைப்பாட்டைச் சொன்னவரின் மொழியிலேயே பதிவது. பாதுகாப்புப் பிரிவைப் பொலிஸ் திணைக்களத்திலிருந்து விடுவிப்பது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தாற் தாபிக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகம் இதற்கு ஏற்றதொரு நிறுவனம். 1977 இலிருந்து 1983 வரையான தோட்டப்புறப் பாதிப்புக்களை மாவட்டம் மாவட்டமாகப் பதிவதற்கு அதற்குப் புதிய கட்டடமும் தேவையில்லை.

தேவையானது காலம் மாத்திரமே. 1981 இல் தாயின் இடுப்பிலிருந்து காட்டுக்குள் ஓடிய குழந்தைக்கு இப்பொழுது நாற்பதைக் கடந்த வயது. தாய்மாருள் எஞ்சியிருப்போர் எழுபதைத் தாண்டியோர். எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் இருந்தது, எத்தனை ஆடு, எந்தப் பெட்டி, எவருடைய தோடு என்பதைச் சாட்சியாகக் கூறக்கூடியவர் அவர்கள் மட்டுமே. அவர்களுடைய வாக்குமூலத்தைத் தமிழிலே எழுதிக்கொள்வதற்கு எந்தச் சட்டமும் இயற்றப்படும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சட்டமும் வரலாறும் தமிழும் பயிலும் மாணவர் சிலர், ஒரு விடுமுறைக் காலத்தில், பெல்மதுளை வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறினாற் போதும்.